மேடையில் நிமிர்ந்து நில்லுங்கள்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

மேடைப் பேச்சில் உடலும் குரலும் என்னும் பொருள்பற்றிப் பேசப் பணித்துள்ளீர்கள். உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்றனர் நம் முன்னோர். தொல்காப்பியம் அவற்றை எட்டாக வகுக்கின்றது. அவ்வரிசையில் அச்சமும் பெருமிதமும் அடுத்தடுத்து நிற்கின்றன. நாம் கடக்க வேண்டிய தொலைவும் அதுவே. ஏட்டில் ஓரடியாக இருப்பது நம் வாழ்வில் பல தலைமுறைகளாயிற்று.

என் தந்தையார் வயலில் பாடினால் அடுத்த ஊருக்குக் கேட்கும். அவரே பண்ணையார் முன்னிலையில், தோள் துண்டை அக்குளில் இடுக்கி, முதுகு வளைத்து, வாய்பொத்திப் பேசுவார். குரல் இல்லாதவரல்லர், குரலை அடக்கப் பழக்கப்பட்டவர். நான் கல்லூரியில் முதன்முதல் மேடையேறியபோது, எவரும் அடக்காமலே என் தோள்கள் குறுகின. குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இரவுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பின்னர் சொன்னார்: “தம்பி, பேச்சை மனப்பாடம் செய்தாய்; நிற்பதற்குப் பயிலவில்லையே!”

நிற்பதும் ஒரு கல்வியே. இரு பாதங்களையும் சற்றே அகற்றி, உடற்பாரம் இரண்டிலும் சமமாக அமையுமாறு நில்லுங்கள். தோள்களைத் தளர்த்துங்கள், நெஞ்சு தானே விரியும். கைகளைக் கட்ட வேண்டா, பிசைய வேண்டா. கருத்துக்குத் துணைவேண்டும் இடத்தில் மட்டும் அவை எழட்டும். கூரையைப் பார்த்துப் பேசாதீர்கள். ஒரு கருத்தை ஒரு முகம் நோக்கிச் சொல்லி முடித்து, அடுத்த முகத்திற்குச் செல்லுங்கள்.

குரலின் முதல் மூச்சு. வயிறு விரியுமாறு மூச்சை இழுத்து, அதன் மேல் சொல்லை ஏற்றுங்கள். தொண்டையை இறுக்கிக் கத்தினால் கால்மணியில் குரல் கம்மிவிடும். ஒலிபெருக்கியை விழுங்குவதுபோல் நெருங்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தேய விடாதீர்கள். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றது! முக்கியமான சொல்லுக்குப் பின் ஒரு கணம் நிறுத்துங்கள்.

முழக்கமே பேச்சு என எண்ண வேண்டா. 1946 டிசம்பர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் எதிர்பாராத வேளையில் பேச அழைக்கப்பட்டார். அவருடன் முரண்பட்டோர் நிறைந்த அவை அது. அவர் எவரையும் வசைபாடவில்லை. ஒன்றுபட்ட இந்தியா உருவாகும் என்னும் நம்பிக்கையைச் சொல்லி, வாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். அந்த அவையே கைதட்டியது. அன்று அவருக்குத் துணைநின்றது வாழ்நாள் முழுதும் பயின்ற கல்வி.

பொதுச் சாலையில் நாம் நடப்பதற்கே 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் வழிவிட்டாலும் வழக்கம் எளிதில் வழிவிடுவதில்லை. கடலூர் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் சகோதரி கூட்டத்தில் தரையில் அமர்ந்திருந்த படத்தை 2020 அக்டோபரில் நாடே கண்டது. ஆதலின் நாற்காலியில் அமர்வதும், எழுந்து நிற்பதும், பிறர் கேட்கப் பேசுவதும் வெறும் மேடைக்கலை அல்ல. நம் உரிமையின் உருவங்கள்.

நிமிர்வது வேறு, செருக்குவது வேறு. மூத்தோரை வணங்குங்கள், மாற்றுக் கருத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள். ஆனால் அச்சத்தால் குனியாதீர்கள்.

நாள்தோறும் பத்து நிமிடம் செய்தித்தாளை நின்றுகொண்டு உரக்கப் படியுங்கள். வாரம் ஒருமுறை இக்கழகக் கூடத்தில் ஒருவர்முன் ஒருவர் பேசிப் பழகுங்கள். தங்கைமார்க்கு முதலிடம் தாருங்கள். அடுத்த கிராம சபையில் நம் தெருக் குடிநீர்க் குழாய்க்காக உங்களுள் ஒருவர் எழுந்து பேசட்டும். அக்குரல் கடைசி வரிசை வரை கேட்குமாயின், கால் நூற்றாண்டுக் காலம் இக்கழகம் உழைத்த உழைப்பு வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.