நாம் வெட்டும் பால், மரத்தின் மருந்து

(இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டக் கிளைத் தலைவர், தலைவியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், வேலைநாள், லயன் வீடு என்று பேசுவதே நமது கூட்டங்களின் வழக்கம். இன்று மரத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். இதுவும் சம்பளப் பிரச்சினைதான். மழைக்காலத்தில் இறப்பர் இலையில் வட்டவட்டமாகப் புள்ளி விழுகிறது. இலை உதிர்கிறது. பால் குறைகிறது. பால் அளக்கும் இடத்தில் கிலோ குறைந்ததும், "ஒழுங்காக வெட்டவில்லை" என்ற பழி வெட்டியவர் தலையில் விழுகிறது. மரத்துக்கு என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிந்தால்தான் அந்தப் பழிக்கு நாம் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஒரு கேள்வி. இறப்பர் மரம் எதற்காகப் பால் வைத்திருக்கிறது? டயர் செய்வதற்காக அல்ல. மரத்தால் ஓட முடியாது, கையை வீசிப் பூச்சியை விரட்டவும் முடியாது. நின்ற இடத்திலேயே நின்று, உடம்புக்குள் மருந்து காய்ச்சித்தான் அது தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அந்த மருந்துதான் பால்.

பட்டைக்குள் மெல்லிய குழாய்களில் பால் அழுத்தத்தோடு நிற்கிறது. வெயில் ஏறுமுன் அந்த அழுத்தம் அதிகம். விடியற்காலையில் நாம் மலைக்குப் போவது அதற்காகத்தான். வண்டோ புழுவோ பட்டையைக் கடித்தால் பால் பீறிட்டு அதன் வாயில் ஒட்டிக்கொள்ளும். பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இறப்பர் இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி நீர். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பைகள் மிதக்கின்றன. காயம் பட்டதும் அவை வெடிக்கும். உள்ளே இருக்கும் ஹெவின் என்ற புரதம் இறப்பர்த் துணிக்கைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் குழாய் வாயை அடைத்துவிடும். பால் சில மணி நேரத்தில் நின்றுபோவதும், வெட்டுக்கோட்டில் ஒட்டுப்பால் படிவதும் இதனால்தான். நமது முழங்காலில் பட்ட சிராய்ப்பில் இரத்தம் உறைவதைப் போன்றது இது.

அதே பைகளில் கைட்டினேஸ், குளுக்கனேஸ் என்ற நொதியங்களும் உண்டு. பங்கசின், அதாவது பூஞ்சணத்தின், உடற்சுவர் கைட்டின், குளுக்கன் என்ற பொருட்களால் ஆனது. இந்த நொதியங்கள் அந்தச் சுவரையே அரிக்கின்றன. ஆக, பால் காயத்தை மூடவும் செய்கிறது, காயத்தின் வழியே வரும் நோயை எதிர்க்கவும் செய்கிறது.

இதில் நமது நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து விக்கம் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள் கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1890களின் கடைசி ஆண்டுகளில் ஜோன் பார்க்கின் என்ற விஞ்ஞானி இங்கே இறப்பர் மரங்களைச் சோதித்தார். முதல் வெட்டில் வந்ததைவிட, அதே இடத்தில் அடுத்தடுத்து வெட்டும்போது கூடுதல் பால் வருவதை அவரது சோதனைகள் காட்டின. அது காயத்துக்கு மரம் சொல்லும் பதில். இன்று நாம் செய்யும் பால்வெட்டுத் தொழில் முழுவதும் அந்தப் பதிலின் மேல்தான் நிற்கிறது.

இலைக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. பங்கசு உள்ளே நுழைந்தால், எதிர்ப்புள்ள இனத்தின் இலை ஸ்கோப்பொலெட்டின் என்ற பொருளை வேகமாகச் சுரந்து, பங்கசைச் சுற்றி வளைத்து நிறுத்தும். மருந்து பிந்தினால் இலை போய்விடும். தை, மாசியில் பழைய இலை உதிர்ந்து செம்பு நிறத் தளிர் வருகிறதே, அந்தத் தளிருக்குத் தோலும் தடிக்கவில்லை, மருந்தும் போதாது. சாம்பல் நோய் அந்த நேரம் பார்த்துத்தான் தாக்குகிறது. கந்தகத் தூள் அடிப்பதும் அப்போதுதான்.

தேயிலை மலையில் வேலை செய்யும் தோழர்களும் இங்கே இருக்கிறீர்கள். கொழுந்தின் கசப்புக்குக் காரணமான கஃபீன், துவர்ப்புக்குக் காரணமான கட்டெச்சின் ஆகிய இரண்டும் தேயிலைச் செடி தனக்காகச் செய்துகொண்ட காவல்தான். ஆனால் காவல் இருந்தும் கள்ளன் வருவான். தாழ்நிலத் தேயிலையில் தண்டைத் துளைக்கும் சின்ன வண்டைப் பாருங்கள். அது மரத்தைத் தின்பதில்லை. துளைக்குள் ஒரு பங்கசை வளர்த்து, அதைத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. துளை விழுந்த கிளை கொழுந்து பறிக்கும்போது கையோடு முறிந்து வருகிறது.

தோழர்களே, இவ்வளவு மருந்து வைத்திருக்கும் மரம் ஏன் தோற்கிறது? மூன்று காரணங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, எல்லா மரத்துக்கும் ஒரே பூட்டு. காட்டில் இறப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று தூரத்தில், வேறுவேறு குணத்தோடு நிற்கின்றன. நமது மலையில் ஒரே இனத்து ஒட்டுக்கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பூட்டுக்குச் சாவி கிடைத்தால் எல்லா வீடும் திறந்துவிடும். 1980களின் நடுப்பகுதியில் கொரினெஸ்போரா இலை உதிர்வு நோய் வந்தபோது, நல்ல விளைச்சல் தந்த ஆர்.ஆர்.ஐ.சி. 103 இனம் அப்படித்தான் விழுந்தது. அந்த மரங்களைப் பிடுங்க வேண்டி வந்தது. ஆர்.ஆர்.ஐ.சி. 100 தாக்குப்பிடித்தது. பிரேசிலில் 1928இல் தொடங்கிய ஹென்றி ஃபோர்டின் பெருந்தோட்டத்தையும் தென்னமெரிக்க இலைக் கருகல் நோய்தான் தோற்கடித்தது. நமது முன்னோர் கோப்பிக் காட்டுக்கு வந்தவர்கள். 1869இல் இலங்கையில் காணப்பட்ட இலைத்துரு நோய் அந்தக் கோப்பியையே அழித்தது. ஒரு பங்கசு ஒரு சமூகத்தின் தொழிலையே மாற்றும் என்பது நமக்குப் புதிதல்ல. 2019 முதல் பெஸ்டலோடியொப்சிஸ் என்ற இலை உதிர்வு நோய் நமது ஈரவலய இறப்பரையும் பிடித்திருக்கிறது.

இரண்டு, மருந்தை நாம் அளவுக்கு மிஞ்சி இறக்குகிறோம். பால் கூடுவதற்குப் பட்டையில் பூசும் எத்திபோன் மருந்து எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. காயம் பட்டால் மரம் தானே சுரக்கும் வாயு அது. அதாவது, "உனக்கு இன்னும் காயம் பட்டிருக்கிறது" என்று மரத்திடம் சொல்கிறோம். குழாய் அடைபடுவது பிந்துகிறது, பால் நீண்ட நேரம் ஓடுகிறது. அடிக்கடி வெட்டி, அடிக்கடி பூசினால் ஒருநாள் பட்டை வறண்டுவிடும். பிறகு அந்த மரத்தில் வெட்டுக்கோடு இருக்கும், பால் இருக்காது.

மூன்று, ஈரப் பட்டை. மழையில் நனைந்த பட்டையை வெட்டினால் பைற்றொப்தோரா என்ற கிருமி கறுப்புக் கோடுகளாக இறங்கிப் பட்டையை அழுகச் செய்யும். கத்தி ஆழமாகப் போய் மரத்தில் பட்டால், மேடும் பள்ளமுமாகத்தான் புதுப்பட்டை வளரும். அந்தக் காயத்தை எந்தப் பாலும் சரியாக மூடாது.

ஆகவே நமது கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். நோய் பிடித்த மலையில் குறையும் கிலோவைத் தொழிலாளியின் கணக்கில் எழுதக் கூடாது. அந்த மலைக்குரிய கிலோ அளவைக் குறைக்க வேண்டும். மழைக்கு முன்பே மரங்களுக்கு ரெயின் கார்ட் கட்ட வேண்டும். எத்தனை நாளுக்கு ஒரு வெட்டு, எத்தனை மாதத்துக்கு ஒரு பூச்சு என்பதைத் தோட்டக் கிளைக்குச் சொல்ல வேண்டும். கந்தகம் தூவுபவருக்கும் மருந்து அடிப்பவருக்கும் முகமூடி, கையுறை, கண்ணாடி, கழுவத் தண்ணீர், சவர்க்காரம் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கும் தாய்மாரையும் அந்த வேலைக்கு அனுப்பக் கூடாது. மறுநடுகையில் மலை முழுவதும் ஒரே இனம் வேண்டாம்.

நமக்கும் கடமை உண்டு. கத்தியைக் கூராக வைப்போம். மரத்தில் படாமல் வெட்டுவோம். இலையில் புள்ளி கண்ட முதல் நாளே எந்த மலை, எத்தனையாவது வரிசை, என்ன தேதி என்று கிளையின் கொப்பியில் எழுதுவோம். பின்னால் கிலோ குறையும்போது அந்தக் கொப்பி நமக்காகப் பேசும்.

ஓய்வில்லாமல் வெட்டினால் மரமும் வற்றும், மனிதரும் வற்றுவர். இதைத் தோட்ட நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்ல நம்மைவிடப் பொருத்தமானவர் யாருமில்லை. தினமும் அந்த மரத்தின் முன்னால் நிற்பவர்கள் நாம்தான்.