யாருடைய இரத்தத்தில் கற்றது யந்திரம்?

திம்புள்ள மலைச்சரிவின் லயங்களிலிருந்து புறப்பட்டு இன்று வைத்தியத்திலும் கணினி விஞ்ஞானத்திலும் பட்டம் பெற்று நிற்கும் இளைஞர்களே,

காலைப் பெரட்டுக்குப் புறப்படுமுன் விரல்களை மடக்க மாட்டாமல் அடுப்பருகே கையை வாட்டிக்கொள்ளும் பெண்களை உங்களில் பலர் சொந்த வீட்டிலேயே கண்டிருப்பீர்கள். அது ஆண்டுக்கணக்காய்க் கொழுந்தெடுத்த கையின் நோவா, 2006-இல் இத்தீவில் பரவிய சிக்குன்குன்யா போன்றதொரு காய்ச்சல் விட்டுச்சென்ற வலியா, சரீரத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அச்சரீரத்தின் மூட்டுகளைச் சத்துருவாய் எண்ணித் தாக்கும் முடக்குவாதமா, அல்லது சிறுநீரகம்வரை சென்று நாசம் விளைக்கவல்ல லூப்பஸ் வியாதியின் முதல் லட்சணமா என்று, கையைப் பார்த்த மாத்திரத்தில் நிர்ணயிப்பது தேர்ந்த வைத்தியருக்கும் எளிதன்று.

இரத்தமும் ஒரே வார்த்தையில் விடை சொல்வதில்லை. 1940-இல் நோர்வே தேசத்து எரிக் வாலர் விவரித்த முடக்குவாதக் காரணி, கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன் நோயிலும், நாட்பட்ட சில தொற்றுகளிலும்கூடத் தலைகாட்டும். கலக்கருவை எதிர்க்கும் பிறபொருளெதிரியோ லூப்பஸ் நோயாளர் அநேகமாக எல்லோரிடமும் உண்டு. ஆயினும் 1:40 என்ற ஐதாக்கலில் சோதித்தால் சுகதேகிகளிலும் நூற்றுக்கு 32 பேரிடம் அது தென்படுவதாக 1997-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

ஆகவேதான் தனித்தனியே தடுமாறச் செய்யும் இக்குறிகளை ஒருசேர நோக்கக் கணினி யந்திரத்துக்குக் கற்பிக்கிறார்கள். இன்ன வியாதி என்று வைத்தியர்கள் முன்னமே முத்திரையிட்ட பல நூறு பேரின் பிறபொருளெதிரிகளையும் புரதங்களையும் அதற்குக் காட்டினால், எந்தச் சேர்க்கை எந்நோய்க்கு உரியது என்பதை அது தானே வகுத்துக்கொள்கிறது. முத்திரை பிழையானால் பாடமும் பிழை என்பதை இவ்வித்தையைப் புகழ்வோர் சற்று மெல்லிய குரலிலேயே சொல்வது வழக்கம். அதனினும் பெரிது, அது யாருடைய இரத்தத்தில் கற்றது என்ற கேள்வி. றுகுணைத் தேயிலையை மட்டுமே ருசி பார்த்துப் பழகிய நாவிடம், தை மாசிக் காற்றில் விளைந்த திம்புள்ளத் தேயிலைக்கு விலை கேட்டால் என்ன சொல்லும்? நம் நாட்டில் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கிய பின்னர், பாடசாலைச் சிறுமியர் பலரிடம் தைரொயிட் சுரப்பிப் புரதமான தைரோகுளோபுலினை எதிர்க்கும் பிறபொருளெதிரி மிகுந்திருந்ததாகவும், அயோடினே காரணமோ என்றும் 2000-இல் ஓர் ஆய்வு வினவிற்று. அச்செய்தியை அறியாத அந்நிய யந்திரம் அச்சிறுமியருக்கு என்ன பெயர் சூட்டியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

அமெரிக்கப் படையினரின் இரத்தநீரைச் சேமித்து வைத்திருந்தமையால்தான், பிற்காலத்தில் லூப்பஸ் கண்ட 130 பேரில் 115 பேருக்கு, நோய் நிர்ணயிக்கப்படுமுன்னரே அதன் சுவடுகள் இரத்தத்தில் இருந்தமை 2003-இல் தெரியவந்தது. அத்தகைய சேமிப்பு மலையகத்துக்கும் வேண்டும்; அப்போதுதான் யந்திரம் நம் இரத்தத்திலும் கற்கும். அதை உங்களில் ஒருவர் தொடங்குவீராயின், சம்மதப் பத்திரத்தை, அடுப்பருகே கையை வாட்டும் அந்தப் பெண்ணுக்கு விளங்கும் தமிழில் எழுதுங்கள். இரத்தம் கொடுக்க வந்த காலையில் அவள் இழக்கும் அரைப்பேரை, அதாவது அரைநாட் கூலியை, யார் ஈடுசெய்வது என்பதையும் திட்டத்தின் முதற்பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.