ஒட்டுச் சொல்லில் இருக்கு விஷயம்

(திருவொற்றியூரில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



'காட்டு' தெரியும், 'கொடு' தெரியும். சேர்ந்து 'காட்டிக்கொடு' ஆனால் துரோகம். 'விட்டுக்கொடு' என்றால் வேறு. யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித்தரல. பேசிப் பேசி வந்தது. இங்கிலீஷ் 'ஃப்ரேசல் வெர்ப்'பும் இப்படித்தான். வினை சின்னது, பின்னாடி ஒட்டுகிற 'ஆஃப்', 'அப்' அர்த்தத்தையே புரட்டிப்போடும்.

'லே' என்றால் கிடத்து. 'லே ஆஃப்' என்றால் அமெரிக்காவில் வேலையை விட்டு அனுப்புவது. நம் பழைய தொழில் தகராறு சட்டத்தில் 1953இல் சேர்த்த விளக்கம் வேறு: முதலாளியால் தற்காலிகமாக வேலை தர முடியாத நிலை. பேர் மஸ்டர் ரோலில் இருக்கும். தகுதியுள்ளவருக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதி நஷ்டஈடு. ஆளைக் கழிப்பதற்குச் சட்டம் வைத்த பேர் 'ரிட்ரென்ச்மெண்ட்'. கம்பெனி கேட்டில் நோட்டீஸ் ஒட்டினால் எந்தச் சொல் இருக்குன்னு பாருங்க. அதில்தான் சோறு இருக்கு.

வங்கியில் 'ரைட் ஆஃப்' என்பார்கள். கடன் தள்ளுபடின்னு நம்பாதீங்க. ஏட்டில் சொத்தாகக் காட்டுவதை நிறுத்துகிறார்கள்; வசூலிக்கிற உரிமை அப்படியே இருக்கு.

ஆகவே சொல்லை உருப்போடாதீங்க, முழு வாக்கியமா எழுதுங்க. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. 'இட்' வந்தால் நடுவில் நிற்கும்: 'புட் இட் ஆஃப்'. 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள். இது பிரியாது, 'இட்' கடைசியில்தான்.

இன்றைக்கு ஒரு வாக்கியம் எழுதுங்க: 'வி வோண்ட் புட் அப் வித் இட்'. எதை என்று நான் சொல்லத் தேவையில்லை.