ஓய்ந்த பெட்டிகளும் மாறிய வானமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இலக்கிய மேடையில் பழைய வானொலிப் பெட்டிக்கு என்ன வேலை என்ற வினா எழுவது இயல்பே. யாப்பும் அணியும் பேசப்படும் அவையில் வால்வும் கண்டன்சரும் இடம்பெறுவது முறையன்று என்றுகூடச் சிலர்க்குத் தோன்றலாம். ஆயினும், பழையதொன்றை மீண்டும் உயிர்பெறச் செய்வது எங்ஙனம், அவ்வாறு செய்யுங்கால் எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்னும் வினாக்கள் கவிஞர்க்கும் பதிப்பாசிரியர்க்கும் மட்டுமே உரியன அல்ல. பற்றவைக்கும் கோலுடன் மேசைமுன் அமர்ந்திருக்கும் ஒரு கைவினைஞனும் அவற்றை நாள்தோறும் எதிர்கொள்கிறான். அவன் எதிர்கொள்ளும் முறையை இன்று எவரும் தம் வீட்டிலிருந்தே கண்டு தெளியலாம்.

2005-ஆம் ஆண்டு யூடியூப் தோன்றிய பின்னர், பழைய வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுநீக்குவோர் தம் பணியைப் படம்பிடித்து அதில் வெளியிடுவது தனியொரு மரபாகவே வளர்ந்துவிட்டது. இக்காணொளிகளின் தொடக்கம் பெரும்பாலும் ஒன்றே. பரணிலோ கொட்டகையிலோ கிடந்த பெட்டி மேசைக்கு வருகிறது. பின்பக்க அட்டையைக் கழற்றியதும் தூசும் சிலந்திவலையும், சில வேளைகளில் எலிக்கூடும் வெளிப்படுகின்றன. உடனே மின்னிணைப்புக் கொடுத்துப் பார்த்துவிட வேண்டுமென்று காண்போர் நெஞ்சம் துடிக்கும். தேர்ந்தவர் அவ்வாறு செய்வதில்லை. அரை நூற்றாண்டு உறங்கிய பெட்டிக்கு முழு மின்னழுத்தத்தையும் ஒரே வீச்சில் கொடுத்தால் உள்ளிருக்கும் கண்டன்சர்கள் வெடிக்கலாம், டிரான்ஸ்பார்மர் கருகிப்போகலாம். ஆகவே மின்னோட்டம் செல்லும் வழியில் சாதாரணக் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைக்கின்றனர். தமிழ்நாட்டு மின்பணியாளர் 'சீரீஸ் பல்பு' என வழங்குவது இதுவே. உள்ளே எங்கேனும் குறுக்குச்சுற்று நேர்ந்திருந்தால் அந்தப் பல்பு முழு ஒளியுடன் எரிந்து, பெட்டிக்கு வரவிருந்த கேட்டைத் தான் ஏற்றுக்கொள்ளும். மங்கலாக எரிந்தால் மேலே செல்லலாம்.

இவ்வாறு காத்திருக்கும் பொழுதே இக்காணொளிகளில் சுவை மிகுந்த பகுதி. வால்வுகள் சூடேற அரை நிமிடமாவது ஆகும். முதலில் ஓர் உறுமல் கேட்கும், பிறகு கரகரப்பு, அதன் பிறகே ஏதேனும் குரல். சில பெட்டிகளில் எதுவுமே வருவதில்லை. வால்வின் கண்ணாடிக்குள் ஓரிடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும் வெள்ளிப் பூச்சு ஒன்று உண்டு. உள்ளே காற்றுப் புகுந்துவிட்டால் அது பால்போல் வெளுத்துவிடும். வெளுத்த வால்வைக் கண்டால் அனுபவமுடையவர் வேறு ஆய்வு செய்வதில்லை, கழற்றி ஒதுக்கிவிடுவர்.

பழுதின் மூலத்தைத் தேடும் பகுதி மணிக்கணக்கில் நீள்வதுண்டு. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவனுக்கு விதித்த ஒழுங்கு அங்குக் கைத்தொழிலாக நிகழக் காணலாம். ஓர் எடுத்துக்காட்டு போதும். பழைய வானொலிகளில் மெழுகுத்தாள் கண்டன்சர் என்றொரு சிற்றுறுப்பு இருக்கிறது. மின்தேக்கி என்பது நூல்வழக்கு, கடைத்தெருவில் கண்டன்சர்தான். தாளையும் மெல்லிய உலோகத் தகட்டையும் சேர்த்துச் சுருட்டி மெழுகு ஊற்றி அடைத்தது, விரலளவே இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, மின்சாரம் கசியத் தொடங்கும். ஒலியைப் பெருக்கி வெளியிடும் இறுதி வால்வின் வாயிலில் அமைந்த கண்டன்சர் கசிந்துவிட்டால், அவ்வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தைக் கடத்திக் கொதிக்கும். தானும் கெட்டு, ஒலிபெருக்கிக்கு முன்னுள்ள டிரான்ஸ்பார்மரையும் கெடுக்கும். பிரித்தானிய ஆர்வலரிடையே இவ்வுறுப்புக்குத் தனிப்பெயரே வேண்டியிருக்கவில்லை. 'அந்தக் கண்டன்சர்' என்றால் எல்லார்க்கும் விளங்கும். ஒரு சீர் பிறழ்ந்தால் வெண்பா முழுவதும் தளைதட்டிப் போவதை அறிந்தவர்கள் நிறைந்த இவ்வவையில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு வேறொரு நோயும் வரும். 1960-களில் வந்த படக்குழாய்கள் பலவற்றில் முகப்புக்கு மேல் காப்புக் கண்ணாடி ஒன்றைப் பசைகொண்டு ஒட்டியிருந்தனர். அப்பசை நாளடைவில் சீரழிந்து, ஓரங்களிலிருந்து வெண்புள்ளிகளாகப் பரவித் திரையை மறைக்கும். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இதற்கு இட்ட பெயர் கண்புரை. குழாயைச் சூடாக்கிப் பசையை இளக்கி, காப்புக் கண்ணாடியைப் பிரித்தெடுத்துத் துடைப்பதே மருத்துவம். சற்றே கை தவறினாலும் கண்ணாடி உடைந்துவிடும். பெட்டியை அணைத்த பின்னரும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட்டு மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். காணொளியைக் கண்ட உற்சாகத்தில் பயிற்சியின்றிப் பின்பக்கத்தைத் திறப்பது உயிருக்கே கேடாகும்.

இனி, எதை மாற்றுவது என்னும் வழக்குக்கு வரலாம். இதில் மீட்போர் ஒருமித்த கருத்துடையவர் அல்லர். பெட்டியின் உட்பகுதி முழுவதையும் களைந்தெறிந்து, அழகிய மரக்கூட்டை மட்டும் நிறுத்திக்கொண்டு, உள்ளே புதிய புளூடூத் ஒலிபெருக்கியை வைத்து மூடுவோர் உளர். காண்பதற்கு அழகாகவே இருக்கும். ஆனால் அது மீட்பு அன்று. இறந்தவன் சட்டையை இன்னொருவன் உடுத்திக்கொள்வது. மற்றொரு சாரார் எதையும் மாற்றாமல், இருக்கும் உறுப்புகளைக் கொண்டே ஒருமுறையேனும் பேசவைத்துவிட வேண்டும் என முயல்வர். அதில் வீரம் உண்டு, நெடுநாள் நிலைப்பதில்லை. மூன்றாம் சாராரின் பணியே ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவர்கள் கெட்டுப்போன மெழுகுத்தாள் கண்டன்சரைச் சூடாக்கி, உள்ளிருப்பதை உருவியெடுத்து, அதன் பழைய கூட்டுக்குள் இக்காலத்துச் சிறு கண்டன்சர் ஒன்றைப் பொதிந்து மீண்டும் மெழுகிட்டு அடைத்துவிடுவர். வெளியிலிருந்து நோக்குவார்க்கு எல்லாம் பழைய உறுப்பே.

இது நேர்மையா, ஏமாற்றா? தமிழ்ப் பதிப்புலகம் இவ்வினாவை நன்கறியும். ஏட்டில் செல்லரித்த இடத்துக்குத் தம் சொல்லைப் பெய்து, அதுவே பழம்பாடம் எனக் காட்ட வல்ல புலமை அக்காலத்துப் பலரிடம் இருந்தது. உ. வே. சாமிநாதையர் அவ்வழியில் செல்லவில்லை. 1894-இல் அவர் வெளியிட்ட புறநானூற்றில் சிதைந்த இடங்கள் புள்ளிகளாக நிற்கின்றன. 267, 268 ஆம் பாட்டுகள் இன்றளவும் வெற்றெண்களே. அவ்வெற்றிடங்களைக் காணும்தோறும் எஞ்சியவற்றின்மீது படிப்பவர்க்கு நம்பிக்கை மிகுகிறது. ஆனால் பெட்டியின் நிலை வேறு. பாட்டில் இரண்டு சீர் போனாலும் எஞ்சிய சீர்கள் பேசும். பெட்டியில் ஓர் உறுப்பு போனால் முழுவதும் ஊமை. ஆகவே இட்டுநிரப்புதல் அங்குத் தவிர்க்க இயலாதது. இட்டு நிரப்பியதை மறைப்பதுதான் தவறு. பொறுப்புடைய மீட்பாளர் எவ்வெவற்றை என்று மாற்றினார் என்பதை ஒரு தாளில் குறித்து, பெட்டிக்குள்ளேயே ஒட்டிவைப்பதுண்டு. அடுத்த தலைமுறையில் அதைத் திறப்பவனுக்கு எழுதிய முகவுரை அது. காணொளியும் அவ்வகை முகவுரையே. பழைய கூட்டுக்குள் புதிய உறுப்பு நுழைவதை உலகறியக் காட்டிய பின், அதனை ஏமாற்று எனல் பொருந்தாது. நல்ல பொருளுக்கு வேண்டுமென்றே சேறு பூசி, பிறகு கழுவிக்காட்டி மீட்டதாக விளம்பரம் தேடுவோரும் இணையத்தில் மலிந்துள்ளனர். போலி ஏடு உண்டென்பதால் ஏட்டைப் பழிப்பார் இலர், இதுவும் அவ்வாறே.

பழுதெல்லாம் நீங்கிப் பெட்டி எழுந்துவிட்டது எனக் கொள்வோம். சிக்கல் அப்போதுதான் தொடங்குகிறது. பிரித்தானியத் தொலைக்காட்சியின் கதை இதற்குத் தக்க சான்று.

பிபிசி நிறுவனம் 1936 நவம்பர் 2-ஆம் நாள் இலண்டன் அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதில் நிலைபெற்ற முறை, படத்தை 405 கிடைக்கோடுகளாகப் பகுத்து அனுப்புவது. அந்நாளையப் பெட்டிகள் சிலவற்றில் படக்குழாயை நெட்டுக்குத்தாக நிறுத்தியிருந்தனர். பெட்டியின் மூடியைத் திறந்தால் அதன் உட்புறக் கண்ணாடியில் படத்தின் எதிரொளியைக் காணலாம். போர் மூளவே 1939 செப்டம்பர் 1-இல் ஒளிபரப்பு நின்றது. 1946 சூன் 7-இல் மீண்டும் தொடங்கியது. 1964-இல் 625 கோட்டு முறை வந்து சேர, 405 கோட்டு முறை மெல்ல ஒதுங்கி 1985 சனவரித் தொடக்கத்தில் முற்றாக ஓய்ந்தது. அதனை ஒதுக்கிய 625 கோட்டு முறைக்கும் அதே கதி நேர்ந்தது. 2012 அக்டோபர் 24-ஆம் நாளோடு பிரித்தானியாவில் அதுவும் நின்று, எண்ணியல் ஒளிபரப்பு மட்டுமே எஞ்சியது. அமெரிக்காவின் முழுத்திறன் நிலையங்கள் 2009 சூன் 12-ஆம் நாளே அவ்வாறு மாறிவிட்டன.

ஆகவே இலண்டன் டல்விச்சில் தாம் பிறந்த வீட்டையே பழைய வானொலி, தொலைக்காட்சி அருங்காட்சியகமாக்கிய ஜெரால்டு வெல்ஸ் (1929–2014) போன்றோர் காத்தளித்த 405 கோட்டுப் பெட்டிக்கு, இன்று வானத்திலிருந்து வரக்கூடிய படம் ஒன்றுமே இல்லை. பெட்டி பிழுதற்று நிற்கிறது. அதனோடு பேசிய மொழி வழக்கொழிந்துவிட்டது. காணொளிகளில் இவ்விடம் வரும்போது ஒரு சிறு கருவி மேசைமேல் தோன்றுகிறது. கோட்டுமுறை மாற்றி என அதனைக் குறிக்கலாம். இன்றைய படத்தை வாங்கி, கோடுகளைக் குறைத்து, 405 ஆகக் கோத்துப் பழைய பெட்டிக்கு ஊட்டுவது அதன் தொழில். மாற்றத்தில் இழப்பு உண்டு. நிறம் போய்விடும். அகன்ற படத்தின் இரு ஓரங்களும் வெட்டுண்ணும். வெட்டாவிடின் மேலும் கீழும் கரும்பட்டை விழும். நுண்ணிய எழுத்துகள் மங்கிவிடும். எஞ்சியது தெளிவாக, அப்பெட்டிக்கே உரிய நீலம் கலந்த வெண்ணிற ஒளியுடன் திரையில் எழும். உள்ளிருந்து மெல்லிய சீழ்க்கை ஒன்றும் கேட்கும். நொடிக்கு 25 படம், படத்துக்கு 405 கோடு, ஆக 10,125 அதிர்வு. 625 கோட்டுப் பெட்டியின் 15,625 அதிர்வுச் சீழ்க்கையை முதியோர் செவி வாங்குவதரிது. இதனை முதியோருள்ளும் பலர் கேட்பர்.

மரபுக்கவிதையா புதுக்கவிதையா என்று தமிழ்நாட்டு வட்டங்கள் பல்லாண்டு வழக்காடியிருக்கின்றன. அவ்வழக்கில் இக்கருவி ஒரு சாட்சி. இன்றைய வாழ்வை வெண்பாவில் அமைக்கும் கவிஞன் செய்வது கோட்டுமுறை மாற்றமே. ஓரங்கள் வெட்டுண்ணும்; சில நிறங்கள் போகும்; தளைக்கு அடங்காத சொற்கள் வெளியே நிற்கும். அவ்விழப்பைக் காட்டி யாப்பே வேண்டா என்பார்க்கு, அந்தப் பெட்டியில் அந்த ஒளியில் ஒருமுறை படத்தைக் காணுமாறு சொல்லலாம். இழப்பே இல்லை எனச் சாதிக்கும் மரபாளர்க்கும் அதே பெட்டியைத்தான் காட்ட வேண்டும். பழைய சொல்லையே பழைய யாப்பில் மீண்டும் மீண்டும் அடுக்குவோர் மாற்றியை இணைக்காமல் பெட்டியைத் துடைத்து வைத்திருப்பவர்கள். பெட்டி பளபளக்கும், திரையில் இரைச்சற் புள்ளிகளே ஆடிக்கொண்டிருக்கும்.

வானொலிக்கும் இந்நிலை வந்துள்ளது. ஐரோப்பியப் பெட்டிகளின் கண்ணாடி முகப்பில் ஹில்வர்சம், லக்சம்பர்க், அத்லோன் என ஊர்ப்பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். முள்ளை அப்பெயரின்மீது நிறுத்தினால் அவ்வூர் பேசும் என்பது அன்றைய உறுதிமொழி. செருமனியின் வானொலியாகிய டாய்ச்லாண்டுபுங்க் 2014-இன் இறுதியில் நெட்டலையையும் 2015-இன் இறுதியில் மத்திய அலையையும் நிறுத்திவிட்டது. ஊர்ப்பெயர்கள் முகப்பில் இருக்கின்றன, பேசுவார் அருகிவிட்டனர்.

தமிழர்க்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. 1941-இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு, தமிழோசை என்னும் பெயரால் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் சிற்றலை வானொலிகளில் நெடுங்காலம் ஒலித்தது. போர்க்காலத்து ஈழத்தில் மின்சாரம் அற்ற ஊர்களில் உள்ளோர், மிதிவண்டி டைனமோவைச் சுழற்றிப் பெட்டியை இயக்கிச் செய்தி கேட்டிருக்கின்றனர். 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு அவ்வானொலிச் சேவை நின்றது. அந்நாளில் செய்தி சொன்ன பெட்டியை ஒருவர் இன்று பழுதுநீக்கி, முள்ளைப் பழைய இடத்தில் நிறுத்தினால் கடலிரைச்சல் போன்ற ஒலியே கிட்டும். மீட்போர் இதற்கும் வழி வைத்திருக்கின்றனர். உள்ளங்கை அளவான சிறு ஒலிபரப்பி ஒன்றை அமைத்துக் கைப்பேசியோடு இணைத்துவிட்டால், பழைய பெட்டி அதனைக் கம்பியின்றியே வாங்கிப் பேசும். அதன் வீச்சு வீட்டுச் சுவரைத் தாண்டாது. எதை ஒலிக்கவிடுவது என்பது அவரவர் விருப்பம். பெரும்பாலோர் அப்பெட்டி செய்யப்பட்ட காலத்துப் பாட்டையே ஒலிக்கவிடுகின்றனர். இன்று காலை எழுதிய ஒன்றை அதில் படித்துப் பார்த்தவர் அரியர்.