வரவேண்டியதையும் எண்ணுங்கள்
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



நம் சமையல்கூடத்தில் பயிற்சி பெறும் மாணவியர் அண்மையில் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடினார்கள். பெயரைக் கேட்டுத் திடுக்கிடாதேயுங்கள்: அதற்குப் ‘பீர் விளையாட்டு’ என்று பெயர்! அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டரும் உடனிருந்தவர்களும் 1960 வாக்கில் மேஜைமேல் ஆடும்படி அமைத்தது; பின்னாளில் கம்ப்யூட்டருக்கு வந்தது. நாங்கள் பீரை எடுத்துவிட்டுப் பால்பவுடரை வைத்தோம்.

கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என நான்கு பேர். ஒருவரோடொருவர் பேசக்கூடாது, ஆர்டர் மாத்திரம் அனுப்பலாம். கேட்ட சரக்கு வந்துசேரச் சில வாரங்களாகும். வாரம் 4 பெட்டி வாங்கிய ஜனங்கள், ஐந்தாம் வாரத்தில் 8 பெட்டி கேட்கிறார்கள். பிறகு கடைசிவரை அதே 8தான்.

நடந்தது என்ன? அலமாரி காலியானதும் பிள்ளைகள் பயந்து, கேட்டதையே மறுபடியும் கேட்டார்கள். பிறகு எல்லாம் ஒருமிக்க வந்து குவிந்தது. “நீங்கதான்க்கா அனுப்பல” என்று ஒருவரையொருவர் குறை சொன்னார்கள். ஜனங்கள் கேட்டது மாறாத 8தான் என்று திரையில் கண்டபோது அறையில் சத்தமே இல்லை. கேட்டு, இன்னும் வந்துசேராத சரக்கைக் கணக்கில் சேர்க்க மறப்பதே காரணம் என்று, பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989-இல் இந்த விளையாட்டை ஆராய்ந்து காட்டினார்.

அன்பானவர்களே, நானும் மறந்தவன்தான். முன்பு நான் ஊழியம் செய்த ஓரிடத்தில், நோயாளிகளுக்கு அரிசி இல்லையென்று பிரசங்க பீடத்தில் நின்று கேட்டேன். மறு ஞாயிறும் கேட்டேன். தருவதாகச் சொன்னவர்களின் பெயரை எழுதி வைக்கவில்லை. மூன்றாம் வாரம் மூட்டை மூட்டையாய் வந்து குவிந்தது. பங்குனி வெயிலில் வண்டு விழுந்தது. ஏழை விதவை ஒருவர் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அரிசியும் அதில் இருந்தது. அதை வெளியே கொட்டின நாளை நான் மறக்கவில்லை.

சேலத்தின் குடிநீருக்காகக் கட்டப்பட்ட நம் பனமரத்துப்பட்டி ஏரியைப் பாருங்கள். வருவதையும் போவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இருப்பு விளங்கும். யோசேப்பும் செழிப்பான ஏழு வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கை முன்யோசனையோடு சேர்த்து வைத்தார். இன்று நம் மாணவியரின் நோட்டில் மூன்று கட்டங்கள் உண்டு: இருப்பு, செலவு, வரவேண்டியது. முதலில் வந்த மூட்டையை முதலில் பிரிக்கிறார்கள்.

அதிகமாய்க் கொடுங்கள் என்று நான் இன்று கேட்கவில்லை. எதை, எந்த மாதம் தருவீர்கள் என்று முன்னதாக ஒரு தபால் அட்டையில் எழுதுங்கள். பண்டிகை மாதத்தில் குவிவதைவிட, மாதந்தோறும் வரும் ஒரு படி அரிசி நோயாளியின் தட்டுக்கு நிச்சயமாய்ப் போய்ச் சேரும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.