கடன் கொப்பியும் கைக்காசும்

(குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில நாம ரொட்டி சுடுகிறோமே, அந்தக் கோதுமை மா எங்கிருந்து வருகிறது? திருகோணமலைத் துறைமுகக் கரையில், சீனக்குடாவில் பிரிமா மா ஆலை இருக்கிறது. 1980 முதல் அது இயங்குகிறது. கப்பலில் வரும் கோதுமை அங்கே மாவாகி நம் மலைக்கு ஏறி வருகிறது. நம் தேயிலை அந்த ஊர்த் தேநீர்க் கடைகளுக்கு இறங்கிப் போகிறது. இரண்டையும் கடைசியில் நம் கையில் தருவது சின்னக் கடைக்காரர்தான்.

அண்மையில் திருகோணமலை போயிருந்தோம். அங்கே ஒரு பலசரக்குக் கடை முதலாளி தன் கடன் கொப்பியைக் காட்டினார். 2022 நெருக்கடியில் எழுதிய கணக்குகள் இன்னும் கிடக்கின்றன. அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அப்போதும் அவர் முகம் பார்த்துச் சாமான் கொடுத்தவர். இப்போது கைக்காசு இருந்தால் பெரிய கடைக்குப் போகிறார்கள், கடனுக்கு மட்டும் தன்னிடம் வருகிறார்கள் என்று வருத்தப்பட்டார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. நம்ம டவுன்லயும் இதுதானே நடக்குது? கொப்பியில் காசு முடங்கினால் அவர் மொத்தக் கடையில் எதை வைத்துச் சாமான் எடுப்பார்? கடை மூடினால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் யார் கதவைத் தட்டுவோம்?

ஆகவே சம்பள நாளில் பழைய பாக்கியில் ஒரு பங்கைக் கட்டுவோம். அரிசி, பருப்பு, சீனியைக் கைக்காசுக்கு அங்கேயே வாங்குவோம். சம்பளம் சாராயக் கடைக்குப் போனால் கொப்பி ஒருநாளும் குறையாது.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. பொதியில் அச்சிட்ட விலை, காலாவதித் திகதி, தராசு மூன்றையும் பாருங்கள். கடன் கணக்கை நம் வீட்டுக் கொப்பியிலும் எழுதுங்கள். படித்த பிள்ளைகள் கூட்டிப் பார்க்கட்டும். அநியாய விலை கேட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

கஷ்டத்தில் நமக்குக் கைகொடுத்த கடையை நல்ல நாளில் மறக்காதிருப்போம்.