ஓடில்லாத நத்தைக்கும் ஒரு திருநாள்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



நிகழ்ச்சி நிரலில் என் தலைப்பைக் கண்டதும் முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் ஒருமுறை வாசித்தார். அச்சுப்பிழை அல்ல ஐயா, நத்தையேதான். எனக்கு முன் பேசியவர்கள் கல்வி, ஒழுக்கம், ஒற்றுமை என்ற பெரிய விஷயங்களையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிச்சமாக இருந்தது கோவாப் பாத்தி ஒன்றுதான்.

நான் சொல்லும் ஜந்து நம் எல்லோருக்கும் தெரிந்ததே. மழை பெய்த இரவில் பீலிக்கரையிலும் மரக்கறிப் பாத்தியிலும், முதுகில் வீடு இல்லாமல், வழுவழுவென்று ஊர்ந்து போகும். விடிந்தால் வெள்ளிக் கோடு போல அது போன தடம் மாத்திரம் இருக்கும். நம் தோட்டங்களில் இதை அட்டையின் தம்பி என்று எண்ணுகிறவர்கள் உண்டு. கொழுந்து மலையில் நம் தாய்மாரின் காலைக் கடிக்கும் அட்டைக்கும் இதற்கும் ஓர் உறவும் இல்லை. அது இரத்தம் குடிப்பது. இது இலையும் காளானும் பாசியும் தின்பது. ஆயினும் இருவருக்கும் தண்டனை ஒன்றே: உப்பு. அட்டை கடித்த குற்றத்துக்காக உப்பு வாங்குகிறது. இதுவோ அட்டையைப் போல இருந்த குற்றத்துக்காக வாங்குகிறது. உப்புப் பட்டு உடம்பின் நீரெல்லாம் வெளியேறி அது சுருங்குவதைச் சிறு வயதில் நானும் கைகொட்டிப் பார்த்திருக்கிறேன்.

மிஷன் பாடசாலையில் படித்தபோது விஞ்ஞான ஆசிரியை பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, "முதலில் பார், பிறகு பேசு" என்றார். பார்த்தேன். தலையில் இரண்டு சோடிக் கொம்புகள்; மேல்சோடியின் நுனியில் கண்கள். வலப்பக்கத்தில் திறந்து மூடும் சிறு துவாரம், அதுவே மூச்சு வாசல். நாக்கில் ஆயிரக்கணக்கான நுண்ணிய பற்கள் உண்டு என்றும், ஆணும் பெண்ணும் ஓருடலிலேயே இருக்கின்றன என்றும் ஆசிரியை சொன்னார். அர்த்தநாரி வடிவத்தைக் கும்பிடும் நமக்கு இதில் வியப்பு வேண்டியதில்லை.

இந்த ஜந்துவுக்கு விழா எடுக்கிறவர்களும் உலகில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த யூஜீன் நகரத்தார் 1983 முதல் நத்தையின் பேரால் ஒரு ராணியைத் தெரிவு செய்து வேடிக்கையாக முடி சூட்டி வருகிறார்கள். கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் சின்னமாகக் கடற்சிங்கத்தை வைக்க நிர்வாகம் விரும்பியது. மாணவர்களோ வாழைப்பழ நிறத்து ஓடில்லாத நத்தையே வேண்டுமென்று வாக்களித்தார்கள். 1986இல் நிர்வாகமும் இணங்கியது. மாணவர் போராட்டங்கள் பலவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நத்தைக்காக நின்று வென்றது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் அரச தோட்டக்கலைச் சங்கம் 2022இல், இனி நத்தைகளைப் பீடை என்று அழைப்பதில்லை எனத் தீர்மானித்தது. அந்நாட்டில் அறியப்பட்ட ஓடில்லாத நத்தை இனங்கள் 44. தோட்டப் பயிரைத் தின்பவை அவற்றில் 9 மாத்திரமே.

அவ்வளவு தூரம் போவானேன்? நத்தைச் சரித்திரத்தில் நம் ஹற்றன் பக்கத்துக்கே ஓர் இடம் உண்டு. பெரிய ஓடுள்ள ஆபிரிக்க நத்தையை எல்லோரும் அறிவீர்கள். மொரிசியசிலிருந்து 1847இல் கல்கத்தாவுக்குப் போன அந்த இனத்தை, 1900ஆம் ஆண்டில் அங்கிருந்து வருவித்து வட்டவளையில் விட்டவர் ஆலிவர் கொலெட் என்ற தேயிலைத் துரை. நத்தைகளை ஆராய்ந்து கட்டுரைகளும் எழுதியவர் அவர். ஆசையினால் செய்த காரியம். பலன் ஊரெங்கும் பரவியது. இந்தக் கதையை என் அப்பாயியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "துரைமாரு கூட்டியாந்ததுன்னா நம்மள மாதிரித்தான். நம்ம பாட்டன் பூட்டனாவது மன்னாரிலிருந்து காட்டு வழியா நடந்து வந்தாங்க. அது சொகுசா பொட்டியில வந்திருக்கு!" என்றார். 1948இல் குடியுரிமை பறிபோன குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரச் சற்று நேரம் பிடித்தது.

வந்தவை போக, இந்த மண்ணுக்கே உரியவையும் உண்டு. நம் நாட்டுத் தரை நத்தை இனங்களில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் ஓடு குறுகிப்போய் ஏறக்குறைய ஓடில்லாதது போலவே இருக்கும் ஒரு வகைக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் 'ரத்னத்வீபியா'. இரத்தினத் தீவு என்று இலங்கையின் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். காட்டில் வாழும் அந்தச் சாதுவையும் உப்புக்கை வேறுபாடு பார்ப்பதில்லை.

இனி நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருஷம், லயத்துக்குப் பின்னால் அப்பாயி போட்டிருந்த கோவாவில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. காலையில் பாத்தியெங்கும் வெள்ளிக் கோடுகள். வேறென்ன சாட்சி வேண்டும்? டவுனுக்குப் போய் நத்தைக்கு வைக்கும் நீல நிற மருந்து வாங்கி வந்து தூவினேன். தவிட்டு வாசனைக்கு எங்கள் வீட்டு நாய்க்குட்டி மணி அதைத் தின்றுவிட்டது. இரவெல்லாம் நடுநடுங்கி, விடியுமுன் அப்பாயியின் மடியிலேயே செத்தது. அப்பாயி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. மிச்ச மருந்தைக் கேட்டு வாங்கி, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்.

நத்தைகள் செத்தும் கோவாவில் ஓட்டை நிற்கவில்லை. அதன் பிறகுதான் ஒரு ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இலையைத் துளைத்துக்கொண்டிருந்தவை பச்சைப் புழுக்கள். பிழைத்திருந்த இரண்டு நத்தைகள் கீழே விழுந்து பழுத்து அழுகிய இலைகளைத் தின்றுகொண்டிருந்தன. ஆசிரியை சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மெட்டல்டிஹைட் என்னும் அந்த மருந்தைத் தோட்டங்களில் இடுவதைப் பிரித்தானியா 2022இல் தடை செய்தது என்று பின்னர் வாசித்தேன். மணி அதற்கு முன்பே போய்விட்டது.

எல்லா நத்தையும் சாது என்று நான் வாதாடவில்லை. இளநாற்றை ஒரே இரவில் மொட்டையடிப்பவையும் உண்டு. அவற்றுக்கு மருந்து வேண்டாம். நனைந்த பலகையொன்றைப் பாத்தியில் கிடத்தினால் விடியற்காலையில் அடியில் கூடிக் கிடக்கும், எடுத்து அப்புறப்படுத்தலாம். வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் நத்தையின் உடலில் இருக்கக்கூடும். மனிதனுக்குள் போனால் மூளையைப் பாதிக்கும். ஆகவே பச்சையாகத் தின்னும் கீரையையும் சலாதையும் நன்றாகக் கழுவுங்கள், தாய்மார்களே.

திருவாசகத்தில் மாணிக்கவாசகர் தாம் பிறந்து இளைத்த பிறவிகளை வரிசைப்படுத்தும்போது புழுவையும் விட்டுவிடவில்லை. ஆகையால் என் யோசனையைப் பெரியோர்கள் கேலி செய்யமாட்டார்கள் என்று துணிகிறேன். நம் சங்கம் வருஷத்தில் ஒரு நாளை நத்தைத் திருநாளாக வைத்துக்கொள்ளட்டும். கொடியும் ஊர்வலமும் வேண்டாம். ஊர்வலம் வைத்தால் நத்தைகள் மாத்திரமே நேரத்துக்கு வந்து சேரும். பிள்ளைகள் டார்ச்சும் கொப்பியும் கொண்டுவந்து, எந்த நத்தை எதைத் தின்கிறது என்று பார்த்து எழுதட்டும். அதிகமாகக் கண்டு எழுதிய பிள்ளைக்கு என் செலவில் ஒரு பூதக்கண்ணாடி பரிசு.

வருகிற சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு, சங்கக் கட்டடத்தின் பின்பக்கத் தோட்டத்தில் ஒத்திகை பார்க்கலாம். உப்பை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மழை பெய்தால் மாத்திரமே நடக்கும். பெய்யாவிட்டால் விருந்தாளிகள் வரமாட்டார்கள்.